கத்தரித் தோட்டத்துக்குள் ஒளித்த சொல்

பழைய மடிக்கணினியை என் கணவர் டிலக்ஷன் எப்படியோ உயிர்ப்பித்துவிட்டார். கலியாணப் படங்களைத் தேடிப் போனவரின் கண்ணில் நான் எடுத்த கத்தரித் தோட்டப் படங்கள் பட்டுவிட்டன.

அவர் கட்டாரில் வேலைபார்த்த காலத்தில், தொண்டைமானாற்று வீட்டில் மாமியின், அவருடைய அம்மாவின், போனில் மட்டும்தான் வாட்ஸ்அப். வருவதையெல்லாம் மாமி அயலுக்கே வாசித்துக் காட்டுவார். புதுப்பெண்டாட்டி அதில் எதைத்தான் எழுதுவது? அதனால் படத்துக்குள் சொல்லை ஒளிக்க இந்த மடிக்கணினியில் ஒரு சின்ன மென்பொருளை எழுதித் தந்துவிட்டுப் போயிருந்தார். இலைதழை நிறைந்த படத்தில் நன்றாக ஒளியும். ஆனால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருக்கும்போது ஒளித்ததும் சிதைந்துபோகும். ஆகவே ஒரே சொல்லைப் படம் முழுக்க நூறு தடவை ஒளிப்போம். சில தப்பிப் போய்ச் சேரும். நீளமாக எழுதினால் திரும்பத் திரும்ப ஒளிக்க இடம் போதாது, எல்லாம் நாசம்.

“உவள் ஏன் உந்தக் கத்தரிச் செடியையே நெடுகப் படமெடுக்கிறாள்?” என்று மாமி கேட்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். ‘மழை.’ ‘காய்ச்சல்.’ ‘முத்தம்.’ இருவரும் சிரித்தோம். அடுத்தது கடைசிப் படம்.

மாமியோடு சண்டை பிடித்த அன்று அனுப்பியது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். பதில் வரவில்லை, இரண்டாம் வாரம் ஆளே வந்து நின்றார். வாசித்தாரா என்று ஒன்பது வருடமாக நான் கேட்கவில்லை. இங்கே கிடப்பதோ சுருங்காத மூலப்படம். முழுதும் திறக்கும்.

“அதைத் திறக்காதேங்கோ.” கையைப் பிடித்தேன்.

“உது எனக்கு அங்கை திறபடேல்லை. ஒரே கிறுக்கல்.”

“அப்ப ஏன் வேலையை விட்டிட்டு வந்தனீங்கள்?”

“ஒரு சொல்லெண்டால் திறபட்டிருக்கும். நீர் நீளமா எழுதிப்போட்டீர் எண்டு விளங்கிச்சுது. நீர் நீளமா எழுதினால் ஏதோ சரியில்லை. அதுதான் வந்தனான்.”

இந்த மனிசனிடம் இனி எதை மறைப்பது?

“உங்களை விட்டிட்டுக் கரவெட்டிக்கு, அம்மா வீட்டை போறன், இனித் தேடவேண்டாம் எண்டு எழுதினனான்.”

அவர் மடிக்கணினியை மூடினார்.

“நல்ல காலம், வாசிக்கேல்லை,” என்றார். “வாசிச்சிருந்தால் ரோசத்திலை அங்கையே நிண்டிருப்பன்.”