ஃபெயில் போட்டவருக்கு நன்றி

காரில் ஏறிய ரொட்டிக்காரன் கதவை இரண்டு முறை சாத்தினான். பக்கத்து இருக்கையில் இருந்தவர் அவனை மூன்று முறை ஃபெயில் போட்ட மனிதர். லைசென்ஸ் தேர்வு நடத்தும் அதிகாரி. வரிசையில் நிற்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் சிவப்புப் பேனா.

இன்று பாஸானால் ரொட்டிக் கம்பெனி வேன் அவனுக்கு. இல்லையென்றால் சாயங்காலமே சாவி வேறொருவன் கைக்குப் போய்விடும். அவன் பழையபடி ரொட்டித் தட்டுகளைச் சுமக்கலாம். மேனேஜர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அதனால் பயம் கூடியதே தவிர குறையவில்லை.

இந்த லட்சணத்தில், வண்டியை எடுக்குமுன் அந்த அதிகாரிக்கு நன்றி சொல்லியே தீர வேண்டும் என்று அவன் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள்.

காரணம் போதகர். "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்றீங்க, சந்தோஷம். அவர் யாரை வெச்சு அந்தக் காரியத்தைச் செஞ்சாரோ, அந்த ஆள் காதுக்கு அது போச்சா?" என்று போன ஞாயிறு கேட்டவர், ஒருவரை நேரில் பார்த்து நன்றி சொல்வதும் ஜெபம்தான் என்று முடித்தார். சபையில் பாதிப் பேர் டாக்டரைத் தேடிப் போனார்கள். மீதிப் பேர் மாமியாரிடம் போய் அவர்களைக் கலவரப்படுத்தினார்கள்.

ரொட்டிக்காரனின் விஷயம் வேறு. போன மாதம் மச்சானின் காரை ரிவர்ஸ் எடுக்கப்போனவன், தலையைத் திருப்பிப் பார்த்தான். சக்கரத்துக்குப் பின்னால் சின்ன மகள் குந்தியிருந்து எறும்போடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் இயல்பாகத் திரும்பிப் பார்க்கிற ஆளே இல்லை. "கண்ணாடியில பார்த்தா போதுமா? கழுத்து எதுக்கு இருக்கு?" என்று கடைசியாக ஃபெயில் போட்ட அன்று வெடுக்கென்று கேட்டவர் சிவப்புப் பேனா. அந்தக் கேள்வி அவன் மண்டைக்குள் கொதித்துக்கொண்டே கிடந்தது. அன்றைக்குக் கழுத்து தானாகத் திரும்பியது.

காலையில் ஷூவுக்குள் கால் விடும்போதும் கெஞ்சிப் பார்த்தான்.

"பாஸானப்புறம் சொல்றேன்டி."

"அப்ப அது பாஸுக்குச் சொல்ற நன்றி."

"ஃபெயிலானா?"

"குத்திக்காட்டுற மாதிரி இருக்கும். அதான் முன்னாடியே சொல்லிடுங்க."

"ஐஸ் வைக்கிறான்னு நினைப்பார்."

"நினைக்கட்டும். செத்துப்போன லாசரு கல்லறைக்குள்ள கிடக்கும்போதே இயேசு பிதாவுக்கு நன்றி சொன்னார். உயிரோட வெளிய வர்றானான்னு பார்த்துட்டா சொன்னார்?"

"அவருக்கு வருவான்னு தெரியும். எனக்குத் தெரியாதே."

"அதனாலதான் உங்களுக்கு இது ஜெபம்."

அவன் ஷூ கயிற்றை இறுக்கினான். வேதத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பேச ஆரம்பித்தால் அவன் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை.

"பெல்ட்," என்றார் சிவப்புப் பேனா.

போட்டான். சாவியைத் தொட்டான். கையை எடுத்துக்கொண்டான்.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"யாரைத் தெரியும்னு மட்டும் சொல்லாதீங்க."

"அது இல்ல சார். போன தடவை ஃபெயில் பண்ணினீங்களே, அதுக்கு நன்றி."

கிண்டலா என்று அவர் அவன் முகத்தைத் துழாவினார். அவன் எறும்பு வரைக்கும் சொல்லி முடித்தான்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல சார். எறும்பைப் பத்தித்தான் தகவல் இல்ல."

"பாஸானவங்க கையைக் குலுக்குவாங்க. ஃபெயிலானவங்க டயரை உதைப்பாங்க. இப்படி யாரும் வந்ததில்ல." செருமினார். "இதுக்கு மார்க் கிடையாது, தெரியும்ல?"

"மார்க்குக்காக இல்ல சார்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. சற்று முன்புவரை அப்படி இருக்கவில்லை.

"வண்டியை எடுங்க."

எடுத்தான். எல்லாம் ஒழுங்காகப் போனது, ஏற்றம் வரும்வரை. நடுவில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். கார் பின்னால் உருண்டது. பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் அவனுடைய அப்பாவை விசாரித்தார்.

"கைப்பிரேக்கை எப்ப விடணும்?"

"வண்டி இழுக்க ஆரம்பிச்சப்புறம் சார்."

"தெரியுது. செய்யல."

சிவப்பு மையில் கோடு விழுந்தது. கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது. ஆனாலும் கோடு கோடுதான்.

வேன் போயிற்று. மேனேஜரின் சிரிப்பு கண்முன் வந்து நின்றது. ஆனால் சொன்ன நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. அது போய்ச் சேர்ந்துவிட்டது; இனி அவனுடையது அல்ல.

இறங்கப்போனவனை அவர் நிறுத்தினார்.

"இதுக்கும் வந்து நன்றி சொல்லுவீங்களா?"

அவன் நிஜமாகவே யோசித்தான்.

"சொல்லுவேன் சார். கொஞ்ச நாள் ஆகும்."

"அவசரமில்ல," என்றார் அவர், பேனாவை மூடியபடி.