பத்து நாள் கிண்ணம்

சாம்பசிவத்துக்கு மீன் என்றாலே ஆகாது. தெருவில் மீன்காரியின் குரல் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மதுரை சிம்மக்கல்லில் ஒரு வண்ணமீன் கடை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினார் என்றால் காரணம் பெரிது. உயிர்ப் பயம்.

ஆடி அமாவாசைக்குள் அவருக்கு ஒரு கண்டம் இருக்கிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். தப்ப ஒரு வழி உண்டு. வீட்டின் ஈசான்ய மூலையில் ஒரு மீனை வைத்தால், அவருக்கு வருவதை அது வாங்கிக்கொண்டு போய்விடும். அமாவாசைக்குள் மீன் செத்தால் சாம்பசிவம் பிழைத்தார். ஆனால் அது தானாகச் சாக வேண்டும். கையால் கொன்றாலோ பட்டினி போட்டாலோ பலிக்காது.

அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் விதிகளுக்குள் சந்து தேடியே காலம் தள்ளிய மனிதருக்கு இதில் ஒரு சந்து கிடைக்காதா? கொல்லக்கூடாது என்றுதானே இருக்கிறது, மோசமான தொட்டியில் வைக்கக்கூடாது என்று இல்லையே! மருமகள் மதுவந்தியிடம், "வாஸ்துக்கு நல்லதாம், ஒரு மீன் வாங்கணும்" என்று மட்டும் சொல்லித் துணைக்கு அழைத்து வந்திருந்தார். முழங்கால் வலி, தனியாக வர முடியாது.

கடைக்காரர் காசிமாயன் பைட்டர் மீன்களைப் பிளாஸ்டிக் டம்ளர்களில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்திருந்தார். சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடுமாம். சாம்பசிவம் குனிந்து வரிசையாகப் பார்த்தார். கடைசி டம்ளரில், வால் கிழிந்த நீல மீன் ஒன்று அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"இதைக் குடுப்பா."

"அது நோஞ்சாங்கய்யா. நல்லதா ஒண்ணு எடுத்துத் தாரேன்."

"இதுவே இருக்கட்டும். பாவம், இதை வேற யார் வாங்குவா?"

தன் இரக்கத்தைக் கண்டு அவருக்கே கண் கலங்கப் பார்த்தது. அடுத்து, அலமாரியில் இருந்த கையகலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் காட்டினார்.

"அதுல விட்டா பத்து நாள் தாங்காதுங்கய்யா" என்றார் காசிமாயன். "பைட்டர்னா கிளாசுக்குள்ளயே கெடக்கும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அம்புட்டுத் தண்ணியில அது கழிவே அதுக்கு வெசமாயிரும்."

பத்து நாள்! சாம்பசிவத்தின் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. "பரவாயில்லை, கிண்ணமே குடு. பார்க்க அழகா இருக்கு."

பின்னால் நின்ற மதுவந்தி முன்னால் வந்தாள். "அண்ணே, இது ரொம்ப நாள் உயிரோட இருக்கணும்னா எதுல வைக்கணும்?"

காசிமாயனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இருவது லிட்டர் தொட்டியாச்சும் வேணும்மா. மேல மூடி போடணும், இல்லேன்னா குதிச்சிரும். தண்ணி வேகமா சுத்தக்கூடாது, சின்ன ஸ்பாஞ்ச் பில்டர் போதும். கொழாத் தண்ணிய ஒருநா பிடிச்சு வச்சு ஊத்துங்க. பாதாம் எலை ரெண்டு போட்டீங்கன்னா இந்தக் கிழிஞ்ச வாலும் வளந்துரும். மூணு வருசத்துக்கு ராசா கணக்கா இருக்கும்."

"அதையே எடுங்கோ."

"எதுக்கும்மா அவ்வளவு பெரிசு?" சாம்பசிவம் கிண்ணத்தை முன்னால் நகர்த்தினார்.

"மீன் உங்க இஷ்டம் மாமா. தொட்டி என் இஷ்டமா இருக்கட்டுமே."

நாலு பேர் முன்னால், அது சாகத்தானே வாங்குகிறேன் என்று சொல்ல முடியுமா? பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஆட்டோவில் தொட்டியை வைக்க வேறு இடம் இல்லாததால், வலிக்கிற முழங்கால்களின் மேலேயே அது உட்கார்ந்தது. பாலம் ஏறும்போது மதுவந்தி வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"ஜோசியர் சொன்னது, ஆடி அமாவாசைக் கெடு, எல்லாத்தையும் மாமி நேத்திக்கே சொல்லிட்டா."

ஜானு! அந்த வாயில் எது தங்கியிருக்கிறது? மனைவியை மனசுக்குள் வைதபடி சாம்பசிவம் தொட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மதுவந்திக்கு ஏன் இத்தனை வன்மம் என்று அவர் யோசிக்கவே வேண்டியதில்லை. இரண்டு வருஷம் முன்பு அவருடைய அறுபதாம் கல்யாணத்தன்று விடிகாலையில், வாடிப்பட்டியிலிருந்து அவளுடைய சித்தப்பா போன் செய்தார். மதுவந்தியின் அப்பா போய்விட்டார். செய்தி காதில் விழாத வரை தீட்டு இல்லை என்பது சாம்பசிவத்துக்குத் தெரிந்த சாஸ்திரம். மருமகளுக்குத் தீட்டு வந்தால் பந்தியும் ஹோமமும் என்னாவது? "அவளுக்கு நூத்திமூணு டிகிரி காய்ச்சல், காத்திண்டிருக்காதீங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டு, மகன், மருமகள் இருவர் போனையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அன்றைக்கு அவள் பட்டுப்புடவை கட்டி, சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் பாயசம் பரிமாறினாள். மறுநாள் மத்தியானம், ஏப்பம் விட்டபடி விஷயத்தைச் சொன்னார். அப்போது அவள் அழக்கூட இல்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொட்டி ஈசான்ய மூலைக்கு வந்தது. ஒரு வாரத்தில் மீன் நிமிர்ந்தது. மூன்றாம் வாரம் வால் விசிறியாக விரிந்தது. சாம்பசிவத்துக்கோ சோறு இறங்கவில்லை. ராத்திரி நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்வார், காலையில் எழுந்ததும் தொட்டியைப் பார்ப்பார். தினமும் மதுவந்தி கூப்பிடுவாள்: "மாமா, வாங்கோளேன்! நுரையாலே கூடு கட்டியிருக்கான் பாருங்கோ. நல்ல தெம்பா இருந்தாத்தான் கட்டுவானாம்."

அமாவாசைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, அம்மாவைப் பார்த்துவர அவள் வாடிப்பட்டிக்குக் கிளம்பினாள். மீன் தீனி டப்பாவை மாமனார் கையில் வைத்தாள்.

"காலம்பற மூணு உருண்டை, சாயந்தரம் மூணு. பட்டினி போட்டா பலிக்காதுன்னு ஜோசியர் சொல்லியிருக்காராமே, மறந்துடாதீங்கோ."

சாம்பசிவம் உடைந்துவிட்டார். வாழ்க்கையில் யாரையும் கும்பிடாத கை கும்பிட்டது. "நான் பண்ணினது தப்புத்தான் மது. மன்னிச்சுடும்மா. அந்தச் சின்னக் கிண்ணத்தை வாங்கி மீனை அதுக்கு மாத்திடு. பத்தே நாள். எனக்கு வாழணும்மா."

அவள் பையைக் கீழே வைத்தாள். ஒரு கணம் அவருக்கு நம்பிக்கை வந்தது.

"எனக்காக எங்கப்பாவை மத்தியானம் வரைக்கும் ஐஸ் பெட்டியில வெச்சிருந்தாளாம். காய்ச்சல்னு நீங்க சொல்லியும், எப்படியும் வந்துடுவேன்னு காத்திருந்துட்டு அப்புறம்தான் தூக்கினாளாம்." அவள் குரல் உயரவே இல்லை. "பயப்படாதீங்கோ மாமா. உங்களுக்கு ஒண்ணுன்னா ஒருத்தருக்கும் மறைக்க மாட்டேன். அந்த நிமிஷமே எல்லாருக்கும் போன் பண்ணிடுவேன்."

பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

சாம்பசிவம் தொட்டியின் மூடியைத் தூக்கினார். டப்பாவைச் சரித்ததில் இரண்டு உருண்டைகள் தரையில் சிந்தின. தேடிப் பொறுக்கி, மூன்றையும் தண்ணீரில் போட்டார். மீன் மேலே வந்து ஒவ்வொன்றாக விழுங்கியது. மூன்றாவதையும் அது தின்று முடிக்கும் வரை அங்கேயே நின்றார்.