ஐந்நூறு வார்த்தைக்குள்

அப்பா செத்ததை முதலில் நூற்றைம்பது வார்த்தைக்குள் எழுதச் சொன்னார்கள். பேக்கரி முதலாளிகள் சங்கம் கொடுக்கிற உதவித்தொகை அது. 'உங்கள் வாழ்வில் சந்தித்த ஒரு சோதனையும் அதைக் கடந்து வந்த விதமும்' என்று தலைப்பு. பள்ளியில் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தத் தலைப்பு தலைகீழ்ப் பாடம். ஊரில் எந்தச் சங்கம், எந்தப் புண்ணியவான் படிக்கப் பணம் கொடுத்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். சோதனையே இல்லாத பிள்ளைகள் பாவம், திருதிருவென்று முழித்தார்கள். ஒருத்தி நாய்க்குட்டி தொலைந்துபோன கதையை எழுதினாள், அதுவும் மறுநாளே திரும்பி வந்துவிட்ட நாய்க்குட்டி. பூனைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவளிடம் சரக்கு இருந்தது.

பூனை என்பது அப்பா வைத்த பேர். உட்கார்ந்தால் தூங்குவாள், சாய்ந்தால் தூங்குவாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். நுரையீரல் கெட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில்தான் அம்மாவுக்கு வேலை. இருந்த லீவையெல்லாம் எடுத்துத் தீர்த்தாயிற்று. அன்றைக்கு மத்தியானம் அவரைப் பூனையிடம் ஒப்படைத்துவிட்டு அம்மா வேலைக்கு இறங்கிப் போனாள். மேலே நாலாவது மாடியில் அவர் உயிர் போனபோது கீழே அவள் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஆள் போய்ச் சொன்னதும் லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறி ஓடி வந்தவள், மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏதாச்சும் சொன்னாராடி?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாரு."

அதோடு சரி. அப்புறம் அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நூற்றைம்பது வார்த்தை எழுதியபோது பூனை அழுதாள். தாள் நனைந்து மை பரவி, இன்னொரு தாளில் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. பேக்கரிக்காரர்கள் வேறொரு பையனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவனுக்கு அப்பா, அம்மா இரண்டு பேருமே இல்லையாம். அவனோடு போட்டி போட முடியுமா?

அடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சங்கம். அவர்களுக்கு முந்நூறு வார்த்தை வேண்டும். அதே சாவை இரண்டு மடங்காக இழுக்க வேண்டும். கட்டிலின் பச்சைப் பெயின்ட், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டி, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிற குழாய் என்று ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து போட்டாள். இந்தத் தடவை கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. எழுதுவதும் எண்ணுவதும், எண்ணுவதும் எழுதுவதுமாக வேலை நடந்தது. நடுவில் ஒரு முறை தன் தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். அது வலிக்கத்தான் செய்தது, ஆனால் தாளில் இருந்ததைப் படித்தால் ஒன்றும் ஆகவில்லை. ஆசிரியர்கள் பணத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, பூனைக்கு ஆறுதலாக ஓர் அகராதி அனுப்பிவைத்தார்கள். அது அலமாரிக் கால் ஆடாமல் இருப்பதற்கு உதவியது.

மிச்சம் இருந்தது வணிகர் சங்கம் ஒன்றுதான். கிடைத்தால் மூன்று வருஷக் கல்லூரிக் கட்டணமும் விடுதிச் செலவும் அவர்கள் தலையில். கிடைக்காவிட்டால் மாசக் கடைசியில் கல்லூரி அவளுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடும். சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். "பரீட்சை முடிஞ்சதும் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, ஒரு இடம் காலியாகுது" என்று. நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார். அதற்கு அம்மா பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வணிகர்களுக்கு ஐந்நூறு வார்த்தை வேண்டுமாம். ஒரு மனுஷன் ஒரு தடவைதான் சாக முடியும், ஐந்நூறு வார்த்தைக்கு எங்கே போவது? அப்பா பழுது பார்த்த லிஃப்டுகளை எழுதினாள், அவருடைய கருவிப் பெட்டியை எழுதினாள், அம்மாவின் கையில் இருக்கிற சூட்டுக் காய்ப்பை எழுதினாள். அப்படியும் அடியில் இடம் கிடந்தது. பள்ளியின் வழிகாட்டி டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. கடைசியில போய் தொய்யுது. அப்பா கடைசியா உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல டீச்சர்."

"யோசிச்சுப் பாரு. ஏதாச்சும் சொல்லியிருப்பாரு."

பூனை யோசித்துப் பார்த்தாள். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, டீச்சர் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதினாள். 'அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, மாடிக்கு நடுவுல நின்ன லிஃப்ட் மாதிரி நீ நின்னுடக் கூடாதும்மா, உன் படிப்பு மேல போய்க்கிட்டே இருக்கணும் என்றார். அதன் பிறகு அவர் பேசவில்லை.' டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பூனைக்கு வீட்டு முகவரி எழுதியது போல இருந்தது. எண்ணிப் பார்த்தாள், கணக்குச் சரியாக வந்தது.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டபோது அம்மா அதைப் படிக்கவில்லை. வேலையிலிருந்து வந்த களைப்பில் கண் சொருகிக்கொண்டிருந்தது. "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, காட்டிய இடத்தில் போட்டுக் கொடுத்தாள். தப்பாக எதையும் எழுதக்கூடிய பெண் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. கடையில் கூடுதலாகச் சில்லறை வந்துவிட்டால் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற ரகம் அம்மா.

நேர்காணலுக்குப் பெற்றோரில் ஒருவர் வர வேண்டும் என்று சங்கத்திலிருந்து ஃபோன் வந்தது. அம்மா அனுமதி வாங்கிக்கொண்டு, சீருடையை மாற்றிக்கொண்டு வந்தாள். இரும்புக் கடைக்கு மேல் மாடியில் சங்கத்தின் அறை. ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சுவர் முழுக்கப் பழைய தலைவர்களின் படங்கள், எல்லோரும் ஒரே மாதிரி வயிற்றோடு. இப்போதைய தலைவர் கீழே இருக்கிற இரும்புக் கடைக்குச் சொந்தக்காரர். செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற அம்மாள். வேறு யாரும் வரவில்லை, வியாபார நேரம்.

"இதை நாங்க படிச்சுட்டோம்மா. இருந்தாலும் உன் வாயால ஒரு தடவை சொல்லு" என்றார் இரும்புக்கடைக்காரர்.

பூனை சொன்னாள். மனப்பாடம்தானே. பஸ்ஸில் நடத்துநர் நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு போவது போலப் பச்சைக் கட்டில், தண்ணீர்த் தொட்டி, மருந்துக் குழாய் என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசி வரி பக்கத்தில் வந்தபோதுதான் அம்மா கூட உட்கார்ந்திருக்கிறாள் என்பது மண்டையில் உறைத்தது. நிறுத்தியிருக்கலாம். மூன்று வருஷப் படிப்பு அந்த வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் அது பாட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டது.

கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்த அம்மாவின் விரல் அப்படியே நின்றது.

இரும்புக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் நாலு பிள்ளைங்க வரணும். வரட்டும். ஆனா இது உனக்குத்தாம்மா" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் பெரிய மனசுக்காரர்" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"பணம் குடுக்கிற விழாவுல இதே மாதிரி மேடையில சொல்லணும்" என்றாள் செயலாளர் அம்மாள். "ரெண்டே நிமிஷம். அதுக்கு மேல போனா இவர் மைக்கைப் பிடுங்கிடுவாரு."

கீழே இறங்கியதும் சந்தோஷம் வரும் என்று பூனை பார்த்தாள், வரவில்லை. கல்லூரி, விடுதி, மூன்று வருஷம் என்று தனக்குத்தானே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். ஊசி போட்டு மரக்க வைத்த ஈறை நாக்கால் தடவுவது போல இருந்தது. அம்மா முன்னால் நடந்தாள். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கூட மடிக்கிறவ இன்னைக்கு லீவு. ரெண்டு கை வேணும். வா."

அடித்தளத்தில் எப்போதும் போல ஆவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. சூட்டு உருளைக்குள் ஈரமாகப் போன விரிப்புகள் மறுபக்கம் மொடமொடவென்று வந்து விழுந்தன. மேற்பார்வையாளர் பூனையைப் பார்த்து, வேலைக்குப் பழக வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தலையை ஆட்டினார். அம்மா இரண்டு முனையைப் பிடித்தாள், பூனை இரண்டு முனையைப் பிடித்தாள். இழுத்து ஒரு உதறு. பாதியாக மடித்துக்கொண்டு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து, முனைகளை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பூனை பின்னால் போக வேண்டும். இப்படியே நாலைந்து விரிப்புகள் மடிந்து வண்டியில் ஏறின. அடுத்ததை உதறியபோது அம்மா வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் சொல்லலன்னு சொன்னியே அன்னைக்கு."

பூனை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட அவ்வளவு பேசுனவரு, என்னைப் பத்தியும் ஒரு வார்த்தை கேட்டிருப்பாருடி. நீ மறந்திருப்ப. யோசிச்சுப் பாரு."

இன்னும் ஒரு வரி சொல்வது பூனைக்குப் பெரிய வேலையே இல்லை. ஐந்நூறு வார்த்தை எழுதின கைக்கு இது ஒரு பொருட்டா? வாய்கூடத் திறந்தது. ஆனால் எதிரே விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அம்மா அப்படிப் பார்த்தாள். பரீட்சை முடிவு ஒட்டுகிற பலகைக்கு முன்னால் பிள்ளைகள் நிற்பார்களே, அப்படி.

"அவர் ஒண்ணுமே சொல்லலம்மா. அது நானா எழுதுனது."

அம்மா நடந்து வந்து முனைகளைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"தூக்கத்துல போனாரு. அதாச்சும் நிஜமா?"

"தூங்குனது அவரு இல்லம்மா. நான்." பூனையின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "கட்டில் ஓரத்துல தலையை வச்சேன், தூங்கிட்டேன். நர்ஸ் வந்து எழுப்புனாங்க. அவர் ஏதாச்சும் சொன்னாரா, கூப்பிட்டாரா, ஒண்ணும் எனக்குத் தெரியாது."

மூன்று கட்டுரையிலும் இல்லாத வரி அது. அம்மா மடித்த விரிப்பை வண்டியில் வைத்தாள், மேலே கையால் ஒரு தடவு தடவினாள், அடுத்ததை எடுத்தாள். வா, இப்பவே போய் அந்த மனுஷன்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டு வந்துடலாம் என்று சொல்லப்போகிறாள் என்று பூனை காத்திருந்தாள். சொன்னால் போக வேண்டியதுதான். நாளைக்கே இங்கே வேலைக்கு வந்துவிடலாம், மடிக்கத்தான் தெரிகிறதே.

உதறினார்கள். பாதியாக மடித்தார்கள். கிட்டே வந்தபோது அம்மா மெல்லிய குரலில் கேட்டாள்.

"எழுதுனதுதான் எழுதுன. எனக்குன்னு ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?"

அதில் கோபம் இல்லை. கடைக்குப் போனவள் தனக்கும் ஒன்று வாங்கி வந்திருக்கலாமே என்கிற மாதிரிதான் கேட்டாள்.

"என்னன்னு போடட்டும்மா?"

அம்மா யோசித்தாள். நாலு முனையும் அவள் கையில் இருந்தன. உருளையிலிருந்து அடுத்த விரிப்பு வெளியே வந்து, பிடிக்க ஆளில்லாமல் தரையில் சரிந்தது. தரையில் பட்டால் மறுபடியும் துவைக்க வேண்டும் என்று மற்றவர்களைத் திட்டுகிறவள், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவ சாப்பிட்டாளான்னு கேட்டாருன்னு போடு."

காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால், மரத்த காலில் ரத்தம் இறங்கும்போது சுருக்சுருக்கென்று குத்துமே, அப்படிப் பூனையின் நெஞ்சுக்குள் எங்கெங்கோ குத்த ஆரம்பித்தது. கண்ணைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை, அம்மா அதற்குள் அடுத்த விரிப்பின் முனைகளைக் கையில் திணித்திருந்தாள்.

"ரெண்டு நிமிஷம்தான்னு அந்தம்மா சொன்னாங்களே. அதுக்குள்ள இதுவும் அடங்குமா?"

"அடங்கும்மா" என்றாள் பூனை.