செனெய்தா வீட்டு ஊதாச் சிட்டு

பக்கத்து வீட்டு செனெய்தாவுக்குப் புருஷன் செத்து இரண்டு வருஷமாகிறது. அவள் தோட்டத்துக்கு ஒரு ஊதா ரீங்காரச்சிட்டு வருகிறது. என் உள்ளங்கையை நிறைக்கும் உருவம். தவக்காலத்தில் பாதிரியார் போடும் அங்கியின் நிறம், வாலோரம் வெள்ளை. என் புருஷன் ஓல்மன் தினமும் விடிந்ததும் காப்பிக் கோப்பையோடு வேலி தாண்டிவிடுகிறார். கேட்டால், சிட்டைப் பார்க்கத்தானாம்.

எனக்கு வயிறு எரிந்தது.

“சிட்டுதானே வேணும்? நம்ம வீட்டுக்கே வர வைக்கிறேன்,” என்றேன்.

“உன் அதட்டலுக்குக் கொசுகூட வராதுடி,” என்று சிரித்தார்.

எங்கள் மலையூர் ஸான்டா எலெனாவின் கடைத்தெருவில் சிவப்புப் பாட்டில்கள் வாங்கி, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிக் கூரையோரம் தொங்கவிட்டேன். ஊர்ப்பட்ட பொடிச்சிட்டுகள் வந்து குடித்தன, ஒன்றையொன்று குத்திக்கொண்டன. அந்த ஊதா ராஜா மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

“அதுக்கு இந்த வீடுதான் பிடிச்சிருக்கு போல. நான் என்னக்கா பண்ணட்டும்?” என்றாள் செனெய்தா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. காலங்காத்தாலேயே தலை பின்னி, பொட்டுக் கம்மல் வேறு!

அன்றைக்கு நன்றாகக் கவனித்தேன். சிட்டு அவளுடைய வாழைப்பூவைத்தான் சுற்றியது. கடைசிச் சீப்பு விரிந்ததுமே பூவை ஒடித்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம், காய் திரளட்டும் என்று. பூ பொரியலுக்கும் ஆகும். நான் ஒன்றுவிடாமல் ஒடிப்பவள். அவள் சோம்பேறி, அப்படியே விட்டிருக்கிறாள். என் சுறுசுறுப்பே எனக்கு வினையாகிவிட்டது.

அதற்குப் பிறகு என் வாழையில் நான் கத்தியே வைக்கவில்லை. காய் மெலிந்தால் மெலியட்டும். டிசம்பர் காற்று அவளுடைய வாழைகளை ஒன்றுவிடாமல் சாய்த்தது. என்னுடையவை வீட்டு மறைவில் தப்பின. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

ஒரு காலை, மேகம் இன்னும் முற்றத்தை விட்டு விலகவில்லை. சமையலறை ஜன்னலுக்கு நேரே, என் வாழைப்பூவில், அந்த ஊதாச் சிட்டு தேன் குடித்துக்கொண்டிருந்தது!

“என்னங்க! ஓடி வாங்க! நம்ம வீட்டுக்கே வந்துடுச்சு!”

ஓல்மன் வந்தார். சட்டை மாற்றி, தலை வாரியிருந்தார். ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார்.

“அட, ஆமா. அழகாத்தான் இருக்கு.”

“சோள ரொட்டி சூடா இருக்கு. உக்காந்து பாருங்க.”

“இதோ வந்துடறேன்,” என்று காப்பியை ஊற்றிக்கொண்டு வேலியைத் தாண்டினார்.

அங்கே பூவும் இல்லை, சிட்டும் இல்லை. செனெய்தா மட்டும் நின்றிருந்தாள்.