கோணல் தையல்

அலமாரியிலிருந்த கடைசித் துணியையும் வெட்டித் தைத்து முடித்த அன்று மத்தியானம், கட்டிலுக்கு அடியிலிருந்து என் சூட்கேஸை இழுத்து வெளியே வைத்தேன். இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. நான்கு வருஷமும் என் உடுப்புகள் அந்தச் சூட்கேஸில்தான் இருந்தன. தினமும் குளித்துவிட்டு வந்து முட்டி போட்டு உட்கார்ந்து அதை இழுப்பேன். அலமாரி என் கணவருடைய இறந்துபோன முதல் மனைவி சேர்த்து வைத்த துணிகளுக்கு. பழைய திரைச்சீலைகள், அவர்கள் மகளின் பள்ளிச் சீருடைகள், லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையில் அவர் இருந்தபோது போட்ட நீலச் சட்டைகள், ஓரம் நைந்த தலையணை உறைகள் எல்லாம் நிறம் பிரித்து மடித்து அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே ஐந்து ஒட்டுப்போர்வைகள். துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு, கீழே பஞ்சு பரப்பி, அடித்துணியோடு சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போடுகிற போர்வைகள். ஐந்தும் அரைகுறை. ஒன்றில் தையல் பாதி வரைக்கும் ஓடி, ஊசியோடு அப்படியே நின்றுவிட்டிருந்தது.

அவற்றை முடித்துத் தரச் சொன்னது மகள்தான். அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டியிருந்தால் தொண்டையைச் செருமுவாள், நான் திரும்புவேன். முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு ஒரு நாள் வந்து, குழந்தைக்குத் தன் அம்மாவின் போர்வை வேண்டும், புதிதாக எதையும் வாங்காமல் அலமாரியில் இருப்பதையே வைத்து முடிக்க முடியுமா என்று கேட்டாள். அம்மா முடித்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருக்க வேண்டும் என்றாள். நான் சரி என்றேன். ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்தவள் நான். கிழிசல் இருந்த இடம் தெரியக் கூடாது, தைத்த கை தெரியக் கூடாது. அதுதான் அங்கே வேலை.

ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆனது. முதல் மாதம் நான் எதையும் தைக்கவில்லை. அவள் அம்மாவின் தையலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரிசி மணி அளவு தையல், லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். முடிச்சைப் பஞ்சுக்குள் இழுத்து ஒளித்துவிடுவாள். என் கைக்கு அந்தச் சாய்வு வர எத்தனையோ பழந்துணிகள் வீணாயின. வந்த பிறகு நான் தைக்கிறேனா அவள் தைக்கிறாளா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும். உயிரோடு ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒருத்தியோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. அவளை எனக்குப் பிடித்துப்போனது என்றுகூடச் சொல்லலாம். அதை யாரிடம் சொல்ல?

மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஐந்தையும் கட்டிலில் விரித்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அதிகம் பேசாத மனுஷர். சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் சொல்ல மாட்டார், கூடினாலும் சொல்ல மாட்டார்.

"எது அவளோடது, எது உன்னோடதுன்னே தெரியல," என்றார்.

நான்கு வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. என் காது மடல் சூடானது. மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பிறகு, மிச்சத் துணி இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போய் அலமாரியைத் திறந்தாள். உள்ளே என் உடுப்புகள். நடுத்தட்டில் என் சீப்பு. சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, எல்லாத் துணியும் தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன். போட்டுவைத்த டீயைக் குடிக்காமல் போர்வைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் இரண்டு பைகளோடு வந்து நின்றாள். குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பையிலிருந்து முதலில் எடுத்தது கூர் மூக்குக் கத்தரிக்கோல். தொண்டையைச் செருமினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா போட்ட தையல் மட்டும் இருந்தாப் போதும்னு தோணுது. உங்களோடத நானே பிரிச்சிடறேன், உங்களுக்கு வேலை வேண்டாம். எதுன்னு மட்டும் காட்டுங்க."

கடையில் அளவு சேராத உடுப்பைத் திருப்பிக் கொடுக்கிறவள் போல, மரியாதையாகத்தான் சொன்னாள். நான் அவரைப் பார்த்தேன். மேஜையில் ஒரு பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "கேக்குறால்ல, காட்டேன்," என்றார்.

அவள் நீலச் சட்டைத் துண்டுகள் போட்ட போர்வையை விரித்து ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே தையல்கள் நீண்டு, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, வரிசை வழுக்கிக் கீழே இறங்கியிருந்தது. நூலில் ஓரிடத்தில் பழுப்பாக ஒரு கறை. ஊசி விரலில் ஏறியிருக்க வேண்டும். ஊசி நின்றுபோயிருந்த போர்வை அதுதான். கடைசி மாதங்களில் அவள் அம்மாவுக்கு ஊசிக்காது தெரியவில்லை, காலையில் இருபது ஊசிகளில் நூல் கோத்துத் தலையணையில் குத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன் என்று அவர் ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ கைகள் ஓய்ந்துபோவதைப் பார்த்தவள் நான். அந்த நான்கு வரிசைகளைச் சரி செய்ய எனக்கு மனசு வரவில்லை. அப்படியே விட்டு, அவை முடிந்த இடத்திலிருந்து என் தையலை ஆரம்பித்திருந்தேன். அவள் நன்றாக இருந்தபோது எப்படித் தைத்தாளோ அப்படி.

"இது உங்களோடதுதானே?" என்றாள் மகள். "கோணிக்கிட்டுப் போகுது. அம்மா செத்தாலும் இப்படிப் போட மாட்டாங்க."

"ஆமா," என்றேன்.

நினைத்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. ஆனால் வந்த பிறகு திருப்பி எடுக்க நேரம் இருந்தது. அவர் தலையைத் தூக்கினார். திருகாணி பிடித்த கை அப்படியே நின்றது. அவருக்குத் தெரியும். ஊசி கோத்த கைக்குத் தெரியாதா? நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன், சத்தியமாக விட்டிருப்பேன். அவர் மகளைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார். பிறகு குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

பிரிப்பதற்குத் துணி விறைப்பாக இருக்க வேண்டும் என்று அவள் ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். பிடித்துக்கொண்டேன். இறுக்கம் இல்லாமல் போட்ட தையல், ஒரு வெட்டுக்கு ஒரு விரல் நீளம் கழன்று வந்தது.

"பாருங்க, பிடிப்பே இல்ல," என்றாள் அவள்.

பிரித்த நூலைத் தரையில் போட்டுக்கொண்டே வந்தாள். கறை படிந்த துண்டு மட்டும் அவள் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது. தூசியைத் தட்டுவது போல இரண்டு விரலால் தட்டிவிட்டாள். நான்கு வரிசையும் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இந்தப் போர்வையில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நான் குனிந்து, மேல் ஓரத்தில் அவள் அம்மாவே நெருக்கமாக, அழகாகப் போட்ட மூன்று வரிசைகளைத் தொட்டுக் காட்டினேன். இந்தத் தடவை வாய் தவறவில்லை. அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். நன்றாகத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு அதையும் பிரித்தாள். அது சுலபத்தில் வரவில்லை. நகத்தால் நெம்பி, பல்லால் கடித்து இழுத்தாள்.

முடித்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மிஞ்சியிருந்த தையல்கள் மேல் கையை மெதுவாக ஓட்டினாள். அதற்கு முன் அவள் முகம் இளகி நான் பார்த்ததில்லை. "இப்பதான் அம்மா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே குனிந்து போர்வையின் கீழ்ப்பாதியில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள். மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். மறுமுனையை நான் இன்னும் விடவில்லை. கை மரத்துப்போயிருந்தது.

அவள் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது பையைத் தன் பக்கம் இழுத்தாள். அழுந்திச் சிவந்திருந்த அவள் கன்னத்தில் அரிசி மணி அளவில், லேசாக வலப்பக்கம் சாய்ந்து, ஒரே சீராக என் தையல் பதிந்திருந்தது.