வெள்ளிக்கிழமைக்கான பதில்கள்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் புதன்கிழமை காலை பத்தே காலுக்கு "பிரேக்க மிதி!" என்று கத்தியது சனிக்கிழமை காலை பத்தே காலுக்குத்தான் கேட்டது. அதற்குள் கார் சுவரில் மோதி, ஒர்க் ஷாப்பில் புது விளக்கு மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்ததில் அவர் மூளையில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. உதடு உடனே அசையும். சத்தம் சரியாக மூன்று நாள் கழித்து, மூடிய வாயிலிருந்து வரும். வலது கை விழுந்துவிட்டதால் எழுதிக் காட்டவும் வழியில்லை.

அவர் மனைவி கோர்ட்டில் டைப்பிஸ்ட். யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார்கள் என்று குறிப்பதே அவள் பிழைப்பு என்பதால், இதற்கும் ஒரு நோட்டுப் போட்டாள். ஆனாலும் திங்கட்கிழமை கேட்ட தண்ணீரை வியாழக்கிழமை கொண்டுபோனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத நோயாளிக்குப் பெரிய டாக்டர் கத்தி வைப்பதில்லை. வெள்ளிக்கிழமையும் பேசாவிட்டால் வீட்டுக்கு அழைத்துப்போய், இருக்கிறவரை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அவள் நோட்டைக் காட்டி விளக்கினாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவளுக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் கேட்பது எப்போதும் அதே மூன்று கேள்விகள். எத்தனை மணிக்கு வருவார் என்பதுதான் அவரைப் படைத்தவனுக்கும் தெரியாது. அதனால் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அவள் அந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பதில்கள் வரத் தொடங்கின. பெருக்குகிறவரும் நர்சும் கேட்டார்கள், டாக்டரைத் தவிர எல்லோரும் கேட்டார்கள். அவர் வந்தபோது பதினொன்று பதினாலு. அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம் பொறுங்க சார்... இப்ப கேளுங்க" என்றாள்.

"இது எந்த இடம்?"

"ஆஸ்பத்திரி. இதோட இருபத்தெட்டு தடவ சொல்லிட்டேன்."

"இப்ப வெயில் காலமா, மழைக் காலமா?"

"ஜன்னலத் திறந்து நீயே பாரு."

"பக்கத்துல இருக்கிறது யாரு?"

"என் வீட்டுக்காரி. காலையிலேர்ந்து உயிர வாங்குறா."

உதடு அசையாததை டாக்டர் பார்க்கவில்லை. கேஸ் ஷீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எரிச்சல் வருதே, நல்ல அறிகுறி" என்று சொல்லி, திங்கட்கிழமைக்கு ஆபரேஷன் குறித்தார்.

திங்கட்கிழமை எட்டே காலுக்கு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவர் உதடு கொஞ்ச நேரம் அசைந்தது. கதவு மூடிக்கொண்டது. மறுநாள் கண் திறப்பார் என்றார்கள், திறக்கவில்லை. புதன்கிழமையும் திறக்கவில்லை. அவர் எப்போதோ பேசியவை மட்டும் நேரம் தவறாமல் வந்து தீர்ந்துகொண்டிருந்தன. வியாழன் எட்டே காலுக்குப் பிறகு வருவதற்கு ஒன்றுமே இல்லை என்பது நோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் பயந்து போயிருந்தாள்.

வியாழக்கிழமை எட்டே காலுக்குச் சத்தம் வந்தது. "நான் வந்துடுவேன். நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு. சொன்னா கேளு."

அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அவளுக்குப் பொத்துக்கொண்டது. "மூணு நாள் கழிச்சுச் சொன்னா எப்படிங்க கேக்குறது?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டு அழுதாள்.

அவர் உதடு அசைந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டு பதினாறு என்று குறித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு பதினாறுக்கு, அவர் பாட்டுக்கு இடது கையால் பால் குடித்துக்கொண்டிருக்கையில், சத்தம் வந்தது: "நீ என்னைக்குத்தான் கேட்டிருக்கே?"