குழிக்குத் திரும்பிய சரளை

கிட்ட வந்து உட்காருங்கள் மக்களே, காலை நீட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. மாணிக்கம் தேடியவர்கள் மண்ணைத் திருப்பிக் கொடுத்த கதை ஒன்று சொல்கிறேன்.

இரத்தோட்டைக்குக் கீழே ஓடையோரத்தில் ஹமீமாவுக்கு அரை ஏக்கர் வயல். கணவர் மௌத்தான பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் அதுதான் சோறு. வயலை ஒட்டிய ஓடைப் படுகையை அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்து, அவளுடைய தம்பி பலீலும் தோட்டத்து லெட்சுமணனும் மாணிக்கக் குழி வெட்டினார்கள். குழியிலிருந்து அள்ளிய சரளையை அன்றன்றே கழுவிக் கல் தேடுகிற வழக்கம் இல்லை. மேட்டில் குவித்துவைத்து, நாள் குறித்து, பங்காளிகள் எல்லோரும் கூடி நிற்கும்போதுதான் கழுவ வேண்டும். ஒருவன் ஒளித்தான் என்று இன்னொருவன் சொல்லக் கூடாதல்லவா! அப்படி ஆறு வாரச் சரளை குவிந்து கிடந்தது.

நாள் குறித்த வாரமே உத்தரவு வந்தது. மறு அறிவித்தல் வரை படுகைக் குத்தகை எல்லாம் நிறுத்தம். எடுக்கவும் கூடாது, கழுவவும் கூடாது. ரால்ஹாமி, அதாவது ஊர்ப் பொலிஸ்காரர் வந்து, தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு முத்திரை வைத்துப் போனார்.

இறைப்பு நின்றதும் குழியில் தண்ணீர் ஏறி ஓரம் இடிந்தது. வயல் வரப்பில் கை நுழைகிற வெடிப்பு. மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிகாரியிடம் மனுக் கொடுப்போம் என்றான் பலீல். மனு போய்ச் சேருமுன் வயல் போய்விடும் என்றாள் ஹமீமா. அவள் கண் சரளைக் குவியலில் நின்றது; அதைக் கொட்டிக் குழியை மூடினால் வரப்பு தப்பும்.

பலீல் குவியலுக்குக் குறுக்கே வந்து நின்றான். "ராத்தா, அதுக்குள்ள என்ன கிடக்குன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"குழிக்குள்ள கிடந்தாலும் அவனுக்குத் தெரியும்."

லெட்சுமணனுக்கும் பங்கு உண்டு, அவனைப் பார்த்தாள். தூக்கினதும் இந்த முதுகுதான் அக்கா, இறக்குறது லேசுங்க என்று சொல்லி அவன் கூடையை எடுத்தான்.

பாதியில் ரால்ஹாமி சைக்கிளில் வந்து தடுத்தார். ஹமீமா கூடையை இறக்கவில்லை. எடுக்கத்தானே தடை, போடுவதற்கும் தடை என்று காகிதத்தில் இருக்கிறதா என்று சிங்களத்திலேயே கேட்டாள். அவர் காகிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு, யாரும் எதையும் எடுக்கிறார்களா என்று பார்க்க மரநிழலில் உட்கார்ந்துகொண்டார்.

கடைசிக் கூடையைக் கவிழ்க்கையில் ஏதோ நீலமாக மின்னியது. பலீல் குனிந்தான். ஹமீமா மண்வெட்டியால் மண்ணை இழுத்து அதன்மேல் ஏறி நின்றாள்.

"ஒண்ணை எடுத்தா, எல்லாத்தையும் திரும்பத் தோண்டிக் காட்டச் சொல்லுவாரு ரால்ஹாமி. வா, மிதி."

மூவரும் மிதித்தார்கள். மறுநாள் ஓடை கரை புரண்டு ஓடியது, வரப்பு நின்றது. அறுவடையன்று பலீலும் லெட்சுமணனும் வந்து நின்ற பிறகுதான் ஹமீமா நெல்லை மூன்று பங்காக வைத்தாள்.

உங்கள் வீட்டு வரப்பும் அப்படியே நிற்கட்டும் மக்களே. உங்கள் பானையில் அரிசி குறையாமல், பிள்ளைகள் பசி அறியாமல், அல்லாஹ் பரக்கத் செய்வானாக.